பார்வை போன கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும்

போன வாரம் ஒரு மகன் தன் அப்பாவைக் கூட்டிவந்தார். பெரியவருக்கு ஆர்.பி., அதாவது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. விழித்திரையின் பார்வைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் பரம்பரை நோய். டார்ச் அடித்தாலும் அவருக்குத் தெரியவில்லை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து காபி கேட்கிறார் டாக்டர். பகல் பூரா தூக்கம். மாத்திரை எழுதிக் கொடுங்க."

எந்த அறையில் படுக்கிறார் என்று கேட்டேன். ஜன்னல் சாத்திய பின்கட்டு அறையாம். "அப்பாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, லைட்டு எதுக்கு?"

இதே பதிலை எத்தனை குடும்பங்களிடம் கேட்டுவிட்டேன்! பார்ப்பதற்கு ஒரு வகைச் செல்கள். பகலா இரவா என்று மூளைக்குச் சொல்ல விழித்திரையின் உள்ளடுக்கில் வேறு செல்கள். மெலனாப்சின் என்ற நிறமியால் இவை தாமாகவே ஒளியை உணர்வது 2002-இல் உறுதியானது. ஆர்.பி.யில் இவை பெரும்பாலும் தப்பிவிடும். அமெரிக்காவில் 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், துளி வெளிச்சமும் தெரியாத சிலருக்குக்கூடப் பிரகாசமான விளக்கின் முன் மெலடோனின் (இரவில் சுரந்து தூக்கத்துக்கு உதவும் ஹார்மோன்) குறைந்தது. கண்ணை மூடிக் கட்டியபோது குறையவில்லை.

உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடும். காலை வெளிச்சம்தான் தினமும் அதைத் திருத்துகிறது. இருட்டறையில் நாளுக்கு 12 நிமிடம் தள்ளிப்போனால், இரண்டே மாதத்தில் ராத்திரி பகலாகிவிடும். இதற்குத் தூக்க மாத்திரையா?

கட்டிலை ஜன்னலோரம் போடுங்கள். காலையில் அரை மணி நேரமாவது வாசலில் உட்கார வையுங்கள். சூரியனை நிமிர்ந்து பார்க்கச் சொல்லவில்லை. டியூப்லைட் போதாது. அது சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), வெளியே மேகமூட்டத்திலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். ராத்திரி விளக்கை அணையுங்கள், அவர் பக்கத்து விளக்கையும் சேர்த்து. கிளாக்கோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) முற்றியவர்களுக்குப் பகலா இரவா என்று சொல்லும் அந்தச் செல்களும் போயிருக்கலாம். அவர்கள் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. 'வெளிச்சம் தெரியவில்லை' என்று சீட்டில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். தூக்கம் எப்படி என்று கேட்பதில்லை.

அப்புறம், "பார்க்க நன்றாக இல்லை, கண்ணை எடுத்துவிடலாமா?" என்று இரண்டு கண்ணிலும் பார்வையில்லாதவரைக் கூட்டிவருகிறவர்களுக்கு: வலியோ கட்டியோ இல்லாத கண் என்றால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அவர் ராத்திரியில் ஒழுங்காகத் தூங்குகிறாரா என்று முதலில் சொல்லுங்கள்.