போனுக்கு நிழல், தலைக்கு வெயில்

கூடுவாஞ்சேரி பக்கம் கிளினிக் வைத்திருப்பதால் மே மாதம் வந்தால் எனக்கென்று ஒரு தனிக் கூட்டம் வரும். ஞாயிறு காலை கேமராவும் கையுமாக ஜாலியாகக் கிளம்பி, மதியம் மூன்று மணிக்கு இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிற கூட்டம்.

போன வருடம் அப்படி வந்தவன் ஒரு காலேஜ் பையன். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) நண்பர்கள் நாலு பேர் செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் பத்து மணியிலிருந்து ரீல்ஸ், போட்டோ என்று நின்றிருக்கிறார்கள். பன்னிரண்டரை வாக்கில் அவனுடைய போன் கொதித்துப்போய், சூடு தணிந்த பிறகுதான் வேலை செய்வேன் என்று திரையில் எச்சரிக்கை காட்டி நின்றுவிட்டது. உடனே கவரைக் கழற்றி, ஒரு மரத்தடியில் பையின் மேல் வைத்து, துண்டால் விசிறியெல்லாம் விட்டிருக்கிறார்கள். போன் ஆறுகிற வரைக்கும் இவன் என்ன செய்தான்? அதே கரையில், தலையில் ஒரு தொப்பிகூட இல்லாமல், இன்னொருவன் போனை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

என்னிடம் வரும்போது இரண்டு தடவை வாந்தி, கெண்டைக்கால் இழுப்பு, கண்ணைத் திறக்க முடியாத தலைவலி. கடைசியாக யூரின் எப்போது போனாய் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, "காலையில வீட்லதான் டாக்டர்" என்றான். நல்லவேளை, பேச்சு தெளிவாக இருந்தது, டிரிப்ஸ் ஏற்றி மாலையில் அனுப்பிவிட்டோம்.

ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. கத்திரி வெயிலில் நம் ஊரில் 38, 40 சாதாரணம், அதுவும் டிவியில் சொல்கிற அந்த 40 காற்றோட்டமான பெட்டிக்குள் நிழலில் வைத்த வெப்பமானியின் கணக்கு, வெட்டவெளியில் நிற்கிறவன் மேல் விழுகிற வெயிலின் கணக்கு இல்லை. அதனால் போன் மக்கர் செய்தால் அதை உங்களுக்கு வந்த எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள், போனோடு நீங்களும் நிழலுக்குப் போங்கள்.

படம் எடுக்கிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். சும்மா நடந்து போகிறவன் வெயில் தாங்கவில்லை என்றால் தானாக ஒதுங்குவான், ஃபிரேமுக்குள் கண்ணை வைத்தவன் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று அரை மணி நேரம் நிற்பான். தாகமோ எப்போதும் தாமதமாகத்தான் வரும், அது வருவதற்குள்ளேயே உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். கடலோரம் இன்னும் மோசம், ஏனென்றால் வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மாமல்லபுரம் மாதிரி ஈரக்காற்று அடிக்கிற இடத்தில் அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உப்பும் நீரும் போனதுதான் மிச்சம். வியர்க்கிறதே, அப்புறம் என்ன என்று நினைக்காதீர்கள்.

ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி, தண்ணீரில் கரைத்துக் குடிப்பது) பற்றி ஒன்று: ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாக்கெட்டைக் கொட்டிக் குடிக்கிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன், அது நன்மையைவிடக் கெடுதல்தான். உப்புப் போட்ட மோர் போதும் பலருக்கு. பிரஷருக்காக யூரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கிட்னி, இதயப் பிரச்சினை உள்ளவர்களும் கோடைக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட வந்தவர் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை என்றாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், உடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆனால் வண்டி வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம், இது காய்ச்சலே இல்லை, மாத்திரைக்கு இந்தச் சூடு இறங்காது.

இன்னொரு கேஸ், இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பத்து வருடமாக சுகர் உள்ள ஒரு பெரியவர், பேத்தியின் ஆசைக்காகக் குடும்பத்தோடு திருக்கழுக்குன்றம் மலையேறியிருக்கிறார். ஐந்நூறுக்கும் மேல் படிகள், வெறுங்கால், பதினொரு மணி வெயில். ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி குடும்பப் படம். மற்றவர்கள் கால் சுட்டுத் துள்ளிக்கொண்டிருக்க, "தாத்தா பாரு, எவ்ளோ கூலா நிக்கிறார்" என்று பேத்தி அதையும் வீடியோ எடுத்திருக்கிறாள். மறுநாள் சாக்ஸில் ஈரம் ஒட்டியதைப் பார்த்துத்தான் இரண்டு பாதத்திலும் கொப்புளம் உடைந்திருப்பது தெரிந்திருக்கிறது. பல வருட சுகரால் காலில் உணர்ச்சி போனவருக்குக் கருங்கல்லின் சூடு தெரியாது. ஆற ஏழு வாரம் ஆனது.

வெளியே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கே பழைய கேமரா ஒன்று இருக்கிறது. நடு மதிய வெயிலில் முகத்தை எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும், எடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மே மாதத்தில் இங்கே சூரியன் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும், எட்டு மணி வரை நல்ல வெளிச்சம், மறுபடி மாலை ஐந்துக்கு மேல். பெரியவர்களை மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போவதானால் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சுகர் உள்ளவர்களின் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பாருங்கள், விரல் இடுக்குவரை. அவர்களாகக் குனிந்து பார்க்க முடியாது.