மொரிஸ் மைனரும் களவாய்ப் போகும் காற்றும்

கல்லடிப் பாலத்தடியில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எங்கள் மொரிஸ் மைனர் கார் பொசுக்கென்று நின்றுவிடும், பின்னால் வரும் ஓட்டோக்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கமாட்டார். ஒரு கராஜில் காட்டினோம். காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரில், பெற்றோல் வரும் துளையான ஜெட்டின் நட்டைத் திருகிப் பெற்றோலைக் கூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நிற்கவில்லைதான், ஆனால் ஓடும்போது சைலன்சரால் கறுப்புப் புகை. இந்த இரண்டும் ஒரே வருத்தம் என்று பிடிபட எனக்குக் கனநாள் எடுத்தது.

ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பதுதான் காபரேட்டரின் வேலை. ஒடுக்கமான இடத்தால் பாயும் காற்றுக்கு வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம் ஜெட்டிலிருந்து பெற்றோலை உறிஞ்சி எடுக்கும். பல காபரேட்டர்களில் அந்த ஒடுக்கம் மாறாத அளவு. மைனரில் இருக்கும் எஸ்யூ (SU) காபரேட்டர் வேறு சாதி. அதில் ஒரு பிஸ்டன் காற்றின் தேவைக்கேற்ப மேலே ஏறி வழியை அகலப்படுத்தும், அதன் அடியில் பொருத்திய கூம்பிய நீடிலும் (ஊசி) கூடவே ஜெட்டுக்குள்ளிருந்து உயரும், நீடிலைச் சுற்றியுள்ள இடைவெளி பெருத்துப் பெற்றோலும் கூடும். அவ்வளவுதான், பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி.

பிஸ்டன் தண்டுக்குள் கொஞ்சம் ஒயில் விடுவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். திடீரென்று அக்சிலேட்டரை மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி ஏறாமல் அந்த ஒயில்தான் பிடித்து வைக்கிறது; அந்த நொடியில் உறிஞ்சல் கூடிப் பெற்றோல் மிகுதியாக வரும். ஒயில் இல்லையென்றால் மிதித்தவுடன் வண்டி திக்கும்.

காபரேட்டரைக் கழற்றியபோது, பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில் துருத்தூளும் தண்ணீரும் கிடந்தன. கழுவினேன். பிஸ்டனுக்கும் அதன் மூடிக்கும் உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்த சோடி.

ஆனால் குற்றவாளி அங்கே இல்லை. பக்கத்தில் நின்ற வயசான மெக்கானிக் ஒருவர், "மனே, முதல்ல காத்து எங்கால போகுதெண்டு பார்" என்றார். அக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவின் தண்டை, அதாவது திரொட்டில் தண்டைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. தேய்ந்த அந்த ஓட்டையால் காபரேட்டரின் கணக்கில் வராத காற்று களவாய் உள்ளே போகிறது. ஐடிலில், அதாவது அக்சிலேட்டரை மிதிக்காதபோது, எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் களவுக் காற்று பெரிய பங்கு, ஆகவே பெற்றோல் போதாமல் நிற்கிறது. வேகமாக ஓடும்போது அதே களவு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் கூட்டிவைத்த பெற்றோல் அப்படியே இருக்கிறது. அதனால்தான் புகை!

லேத் கடையில் தேய்ந்த ஓட்டைக்குப் பித்தளை புஷ் (உள்வளையம்) போட்டு எடுத்தோம். பிளக், பொயின்ட் (தீப்பொறிக்கான தொடுமுனை), டப்பட் (வால்வு இடைவெளி) எல்லாம் பார்த்த பிறகுதான் டியூனிங். ஜெட்டை முதலில் மேல்மட்டத்துக்கு ஏற்றி, ஆறு பக்கமுள்ள நட்டை 12 பக்கம், அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்கினேன். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, பிஸ்டனைத் தூக்கும் சின்ன பின்னை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மேலே தள்ளிப் பார்க்கவேண்டும். சத்தம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், எஞ்சின் தளர்ந்து நின்றுபோனால் குறைவு, இலேசாய்க் கூடி உடனே பழையபடி வந்தால் சரி. ஒவ்வொரு பக்கமாகத் திருகி, மூன்றாவது தடவையில் வந்தது.

களுவாஞ்சிக்குடிவரை ஓடிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றினேன்: பிஸ்கட் நிறம், கலவை சரி.