ஹீமோகுளோபின்: குருதிக்கு மட்டும் சொந்தமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இந்தச் சொல்லை முழுதாகச் சொல்பவர்கள் குறைவு. கிளினிக்கில் 'எச்பி எவ்வளவு?' என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அது 'ரத்தம் கம்மியாம்' ஆகிவிடும். நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறுக்கான பரிசோதனை வந்த பிறகு பிள்ளைகள் வாயிலும் எச்பி புழங்குகிறது. ஹீமோகுளோபினின் சுருக்கம்தான் அது.

சொல்லின் முன்பாதி கிரேக்கம். 'ஹைமா' என்றால் குருதி. பின்பாதி லத்தீன் 'குளோபஸ்', அதாவது உருண்டை. 1864இல் ஜெர்மானியர் பெலிக்ஸ் ஹோப்பே-செய்லர் வைத்த பெயர். பொருளுக்குள் போனால் நான்கு குளோபின் புரதச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம் வளையம், வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு. ஆக்சிஜனைப் பிடிப்பதும் விடுவதும் அந்த இரும்பின் வேலை. இலையின் பச்சையத்திலும் ஏறக்குறைய இதே வளையம்தான், நடுவில் இருப்பது மட்டும் மக்னீசியம்.

பெயரிலேயே குருதி இருக்கிறது, அதனால் செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் தோன்றும். தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். மறுநடவு செய்த செம்பனை வரிசைகளுக்கு நடுவே, மண்ணை மூடுவதற்குப் பயற்றுக் குடும்பக் கொடிகளைப் படர விட்டிருப்பார்கள். ஒரு கொடியை வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டியிருக்கும் சின்ன முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். அதுதான் லெக்ஹீமோகுளோபின். சோயா வேர்முடிச்சின் இந்தச் சிவப்பு ஹீம் கொண்ட புரதம் என்று 1939இலேயே ஜப்பானில் குபோ என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. அதைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்க ஆக்சிஜன் இல்லாமலும் முடியாது. இடையில் நின்று அதை இறுக்கிப் பிடித்து, அளந்து அளந்து கொடுப்பது லெக்ஹீமோகுளோபின். கிள்ளிப் பார்த்து உள்ளே வெளிறியோ பச்சையாகவோ இருந்தால், அந்த முடிச்சு வேலை செய்யவில்லை.

ஆகவே, செடியில் ஆய்வைத் தொடங்கிய மூலக்கூற்று உயிரியலாளர் பின்னாளில் ரத்தக் கோளாறுகள் பக்கம் போனால், அவர் துறை மாறிவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1980களின் தொடக்கத்தில் சோயாவின் லெக்ஹீமோகுளோபின் மரபணுவைப் படித்தபோது அதில் மூன்று இன்ட்ரான்கள் இருந்தன. புரதச் செய்தி தயாராகும்போது வெட்டி நீக்கப்படும் துண்டுகள் இவை. மனிதக் குளோபின் மரபணுவில் இரண்டு. அந்த இரண்டும் சோயாவிலும் அதே இடங்களில் இருக்கின்றன! செடியும் மனிதனும் எவ்வளவு பழைய பங்காளிகள் பாருங்கள்.

இன்ட்ரான் வெட்டு பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் பீட்டா தலசீமியாவே சாட்சி. இந்திய வம்சாவளியினரிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம் காணப்படும் மாற்றங்களில் ஒன்று, குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில், ஐந்தாம் டி.என்.ஏ. எழுத்தில் 'ஜி' போய் 'சி' வருவது. வெட்டு சரியாக விழாமல் குளோபின் உற்பத்தி குறைகிறது. இந்த வகை 'ரத்தம் கம்மி'க்கு இரும்பு மாத்திரை மருந்தல்ல. உடலில் இரும்புச் சத்து உண்மையிலேயே குறைவா என்று பார்க்காமல் மாதக்கணக்கில் விழுங்குவதில் பயனில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பாடநூல்களில் ஹீமோகுளோபின், ஈமோகுளோபின் இரண்டும் உண்டு. தனித்தமிழில் 'குருதிவளிக்காவி' என்கிறார்கள். காவுதல் என்றால் சுமத்தல்; தைப்பூசக் காவடியில் இருப்பதும் இதே 'கா'. செய்யும் வேலையைச் சொல்லும் நல்ல ஆக்கம்தான். ஆனால் கொடியின் வேர்முடிச்சில் இருப்பதையும் 'குருதிவளிக்காவி' என்றால் பொருந்தாது. 'வளிக்காவி' என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, குருதி வளிக்காவி, வேர்முடிச்சு வளிக்காவி என்று பிரிப்பதே என் தேர்வு. பேச்சில் எச்பி இருக்கட்டும், அதை யாரும் விடப்போவதில்லை.

அப்புறம், தலசீமியா மரபணுவைச் சுமப்பவரையும் 'காவி' என்று எழுதலாம்தான், ஆனால் படிப்பவருக்கு முதலில் துணியின் நிறம்தான் ஞாபகம் வரும். 'சுமப்பவர்' போதும். 'நோயாளி' என்று மட்டும் எழுதக் கூடாது: பெரும்பாலும் அவருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.