தடை விழுவது கணக்குக்கு, திரும்பி வருவது ஆள்

2007 புத்தாண்டையொட்டி, ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைச் சிதைத்துக்கொண்டிருந்த ஒரு ஐபி முகவரிக்கு (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நிர்வாகி ஒருவர் தடை போட்டார். தினமும் நடக்கிற வேலைதான். கத்தார் நாட்டு இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி அந்த ஒரே முகவரி வழியாகத்தான் வெளியே வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சிதைத்தது யாரோ சிலர். உள்நுழையாமல் திருத்தும் வாய்ப்பை இழந்தது ஒரு நாடு. விஷயம் புரிந்ததும் தடையை நீக்கினார்கள்.

தடை செய்யப்பட்டவர் வேறு பெயரில் திரும்பி வருவதைத் தடுப்பது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நாம் தடுக்க நினைப்பது ஓர் ஆளை. சர்வரின் கண்ணுக்குத் தெரிவதோ முகவரி போன்ற தடயங்கள் மட்டும்.

பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகத்துக்கு அது போதாது. அதனால் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. புதிய ஐபிவி6 முறையில் பஞ்சம் இல்லை, ஆனால் முகவரியின் பின்பாதி அடிக்கடி மாறும். முன்பாதியான 64 பிட் பெரும்பாலும் ஒரே வீட்டையோ ஒரே போனையோ குறிக்கும். அதனால் விவரம் தெரிந்த நிர்வாகிகள் அந்த முன்பாதிக்கே தடை போடுவார்கள்.

ஒரு கணக்கைத் தடுத்தால், அது கடைசியாகப் பயன்படுத்திய முகவரியையும் விக்கி மென்பொருள் தானாக 24 மணி நேரம் பூட்டிவைக்கும். கோபத்தில் உடனே புதுக் கணக்கு தொடங்குபவர் இதில் மாட்டுவார். பொறுமைசாலி மாட்டமாட்டார்.

அப்புறம் வருவது செக்யூசர். இந்தக் கருவியில் ஒரு கணக்கு வந்த ஐபி முகவரிகளும் பிரவுசர் விவரங்களும் தெரியும், அதுவும் 90 நாள் வரைதான். அந்தரங்கத் தகவல் என்பதால் மிகச் சிலரிடமே இதைக் கொடுக்கிறார்கள். ஒரு விக்கியில் இந்தக் கருவி கையில் உள்ளவர்கள் (அவர்களையும் செக்யூசர்கள் என்றே சொல்வார்கள்) இருந்தால் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு தேடலும் பதிவாகும். இந்தக் கட்டுப்பாடு மிக அவசியம் என்றே நினைக்கிறேன்.

கருவியை ஏமாற்ற, உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும் விபிஎன் சேவை போதும். பழக்கத்தை மறைப்பதுதான் கஷ்டம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதேதான். விசாரிப்பவர்கள் பழைய கணக்கின் திருத்தங்களையும் புதியதன் திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். தமிழில் என்றால் இப்படி யோசித்துப் பாருங்கள்: இருவருமே ‘அதைப் பற்றி’ என்பதை ஒற்று விட்டு ‘அதை பற்றி’ என்று எழுதுகிறார்கள், அந்தப் பிழை ஆயிரம் பேரிடம் உண்டு. இருவருமே ‘முயற்ச்சி’ என்கிறார்கள், காற்புள்ளிக்கு முன்னால் இடம் விடுகிறார்கள், இரவு ஒரு மணிக்கு மேல் அதே மூன்று கட்டுரைகளைத் திறக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் சாட்சி இல்லை. எல்லாம் ஒரே கையில் சேர்வது அபூர்வம்.

2015இல் ஆங்கில விக்கிப்பீடியா 381 கைப்பாவைக் கணக்குகளை (ஒரே ஆளோ கூட்டமோ பல பெயர்களில் மறைந்திருந்து இயக்கும் கணக்குகள்) ஒரேயடியாகத் தடுத்ததற்கும் இப்படிப்பட்ட நடத்தைத் தடயங்கள் உதவின. பணம் வாங்கிக்கொண்டு, அதை மறைத்துக் கட்டுரை எழுதிய கூட்டம் அது. புதுக் கணக்கு முதலில் சின்னச் சின்னத் திருத்தங்களை மளமளவென்று செய்யும், பிறகு ஒரு கட்டுரையை இறக்கும். அடுத்தடுத்த கணக்குகளிலும் அதே தாளம். 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன.

விபிஎன், அதைப் போலவே முகவரியை மறைக்கும் பிராக்சி ஆகியவற்றின் முகவரிகளை மொத்தமாக அடைத்துவிட்டால் என்ன? அடைக்கிறார்கள். ஆனால் அந்த வலையில் ஒரு தப்பும் செய்யாதவர்களும் சிக்குகிறார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் பங்களிப்பாளர்கள் பலர் இப்படித் தடைபட்டு நிற்பது 2022இல் பெரிய விவாதமானது. முதல்முறை எழுத வந்த ஒரு மாணவி ‘நீங்கள் தடுக்கப்பட்டுள்ளீர்கள்’ என்ற பெட்டியைப் பார்த்தால் திரும்ப வருவாரா? அவரை இழப்பது, ஒரு கைப்பாவையைத் தப்பவிடுவதைவிடப் பெரிய நஷ்டம்.

நம்பிக்கையான பயனர்களுக்கு ஐபி தடையிலிருந்து விலக்கு கொடுக்கும் வழியும் உண்டு. தடைபட்டவருக்கும் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் எந்தப் பெயரிலும் திருத்தாமல் இருந்துவிட்டு, பழைய கணக்கிலிருந்தே முறையிடலாம். நடுவில் ஒரு கைப்பாவை பிடிபட்டால், அந்த ஆறு மாதம் முதலிலிருந்து தொடங்கும்.