எட்டு மாதக் குட்டி ஏன் பேச்சைக் கேட்பதில்லை?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில் லாப்ரடார் குட்டி, எட்டு மாதம் ஆகிறது. ஐந்து மாதத்தில் "உட்கார்" என்றால் பட்டென்று உட்கார்ந்த குட்டி இப்போது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பைக் கவ்விக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுகிறதாம். கண் பட்டுவிட்டது என்று மாமியார் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார். கயிற்றுக்கு இதில் வேலையே இல்லை. நாய்க்கு விடலைப் பருவம் வந்திருக்கிறது.

அதற்கு முந்தைய கட்டம் எல்லோரும் பார்த்ததுதான். இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்றாவது வாரத்திலிருந்து கூடப் பிறந்ததுகளோடு கடித்துப் புரளும், ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு ஆட்டத்தை விட்டுப் போய்விடும், அப்படித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று வாய்க்குப் பழகுகிறது. நாளில் பதினெட்டு மணி நேரம் தூக்கம், மிச்ச நேரம் ஆட்டம்.

சரி, எட்டு மாதத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷர் குழுவினர் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கும் நாய்களை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் "உட்கார்" சொல்லிப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்துவிட்டது. அதே சொல்லை முன்பின் தெரியாத ஒருவர் சொன்னபோது அப்படி முரண்டு பிடிக்கவில்லை! அப்படியென்றால் சொல் மறக்கவில்லை, காதிலும் கோளாறு இல்லை. பெற்றவர்களிடம் மட்டும் எதிர்த்துப் பேசும் பிள்ளை மாதிரிதான் இதுவும். ஒரு வயதானதும் சொன்னதைக் கேட்பது திரும்பிவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது: வளர்ப்பவரைப் பிரிந்தால் ரொம்பத் தவித்த நாய்களிடம்தான் இந்த முரண்டு கூடுதலாக இருந்தது.

மூளைக்குள் என்ன நடக்கிறது? எலி, குரங்கு, மனிதர் என்று பல பாலூட்டிகளில் பார்த்திருக்கிறார்கள். இந்த வயதில், பிடித்ததைத் தேடி ஓட வைக்கும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பாதைகள் சூடுபிடித்துவிடும். "கொஞ்சம் பொறு" என்று நிறுத்த வேண்டிய மூளையின் முன்பகுதியோ கடைசியாகத்தான் பக்குவமாகும். அங்கே வேண்டாத நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்பட வேண்டும், மிஞ்சும் நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்பு உறை படிந்து செய்தி வேகமாகப் போக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எங்கள் நாய் மணி, ஒன்பது மாதத்தில் அணிலைத் துரத்தும்போது கூப்பிட்டால் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பும், கால்கள் நாலும் அணில் பின்னாலேயே போகும். செய்தி வந்து சேர்ந்துவிட்டது, பிரேக்தான் இன்னும் தயாராகவில்லை என்பதை அந்தக் காதில் நான் கண்ணாலேயே பார்த்தேன்.

அதனால் அந்த வாசகிக்கு நான் சொல்வது: அடிக்காதீர்கள், பழக்குவதை நிறுத்தாதீர்கள், தினமும் ஐந்து நிமிடம் போதும். "வேண்டாம், அடங்கவில்லை" என்று நாயைக் கைவிடுவது இந்த வயதில்தான் அதிகம் நடக்கிறது, இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று நினைக்கும்போது மனது கேட்பதில்லை.

தெருக்குட்டிகளுக்கு அந்த வயதே அபூர்வம். கொல்கத்தாவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் தெருநாய்க் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து எண்ணினார்கள். ஐந்தில் ஒன்றுதான் ஏழு மாதம் தாண்டியது. தெருநாய் பற்றி இவ்வளவு சண்டை போடும் நாட்டில், அவற்றைப் பொறுமையாக உட்கார்ந்து கவனிக்கும் இந்த மாதிரி ஆய்வுக்கு அரசு இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும்.

இரண்டு, மூன்று வயதில் நாய் நிதானத்துக்கு வந்துவிடும். ஆட்டம் நிற்காது, ஆள் பார்த்து ஆடும். முன்கால்களைத் தரையோடு தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக் கூப்பிடுகிற அந்த வணக்கத்தைக் கிழநாய்கூடப் போடும். ஆனால் முந்தின வாரம் வரை ஆடிய நாய் சட்டென்று ஒதுங்கினால் அதை வயது என்று விட்டுவிடாதீர்கள், மூட்டு வலியாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கு இப்போது பதினொரு வயது. படியேறத் தயங்கியதைப் பார்த்துப் போன மாதம்தான் கூட்டிப்போனோம். மருந்து ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பந்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது.