உருப்படி: பாடலுக்கும் பாடுதலுக்கும் நடுவே ஒரு சொல்

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துவிட்டால் "மொத்தம் எத்தனை ஐட்டம்?" என்று கேட்பதும், இசை வகுப்பில் "இது யாருடைய கம்போசிஷன்?" என்று கேட்பதும் இன்று இயல்பாகிவிட்டன. இவ்விரு கேள்விகளுக்கும் ஈடுகொடுக்கும் தமிழ்ச் சொல் இசையாசிரியர்களின் பேச்சிலும் பாடத்திட்டங்களிலும் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. அது 'உருப்படி' என்பதாகும். கீதம், ஜதிஸ்வரம், வர்ணம், கிருதி, பதம், ஜாவளி, தில்லானா என எவ்வகையைச் சேர்ந்ததாயினும், இராகமும் தாளமும் வரையறுக்கப்பட்டு, ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கற்பிக்கப்படும் தனித்தனி இசைப்படைப்பு ஒவ்வொன்றும் ஓர் உருப்படி. இச்சொல்லை ஐட்டத்துக்கு நேரான வெறும் மொழிபெயர்ப்பாகக் கொள்வது அதற்கு நாம் செய்யும் குறை. இயற்றப்பட்ட வடிவத்துக்கும் அது பாடப்படுதலுக்கும் உள்ள உறவை இச்சொல் தன் வேரிலேயே வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

உரு என்றதும் வடிவம் என்ற பொருளே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் தமிழில் உருவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதலும், அப்படிச் சொல்லும் எண்ணிக்கையும் உரு எனப்படும். நூற்றெட்டு உருச் செபித்தல் என்பதும், "உரு ஏறத் திரு ஏறும்" என்ற பழமொழியும் இப்பொருளில் எழுந்தவை. பாடத்தை மனத்தில் பதியும்வரை சொல்லிப் பழகுதல் உருப்போடுதல். ஆக, ஒரே சொல் வடிவத்தையும் குறிக்கிறது; அந்த வடிவம் மனத்தில் நிலைக்கும் பொருட்டு வாயால் மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுவதையும் குறிக்கிறது. எழுத்தைவிட வாய்மொழியை நம்பி வளர்ந்த ஓர் இசை மரபுக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் கிடைப்பது அரிது.

சொல்லின் இரண்டாம் பகுதியை இரு வகையாகப் பார்க்கலாம். படி என்பதற்கு நகல் என்றும் முறை என்றும் பொருள் இருப்பதால், உருவின் படி என்று கொள்வது ஒரு வகை. தள்ளுபடி, செல்லுபடி போன்ற சொற்களில் உள்ளதைப் போல, 'படு' என்னும் வினையிலிருந்து வந்த படி என்று கொள்வது மற்றொரு வகை. எனக்கு இரண்டாவதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் உருப்படுதல் என்ற வினை வழக்கில் உயிரோடு இருக்கிறது. உருப்பட்டது, அதாவது உருவம் கொண்டு தேறியது, உருப்படி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இசையாசிரியனின் தகுதியைச் சொல்லுமிடத்தில், "இசைந்த பாடல் இசையுடன் படுத்து" என்று கூறுகிறது. பாடல் ஒருபுறம் இருக்கிறது. அதை இசையோடு படச் செய்பவன் ஒருவன் வேண்டியிருக்கிறது. அந்தப் 'படுத்தல்' நிகழ்ந்த பிறகே அது ஆடவும் பாடவும் உரியதாகிறது.

பொது வழக்கிலும் இச்சொல் பரவலாக உண்டு. சலவைக்குப் போடும் துணிகளையும், வீட்டில் உள்ள மாடுகளையும் உருப்படிக் கணக்கில் சொல்வார்கள். பயனுள்ள செயலை உருப்படியான செயல் என்கிறோம். எண்ணத்தக்க தனிப்பொருள் என்ற கருத்தும், தேறி நின்றது என்ற கருத்தும் இவ்வழக்குகளில் சேர்ந்தே வருகின்றன. இசையாசிரியர் "இந்த மாதம் இரண்டு உருப்படி ஆயிற்று" என்று சொல்லும்போதும் இவை இரண்டுமே அதில் அடங்கியிருக்கின்றன.

இனி, உருப்படியையும் வடிவத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வடிவம் என்பது வார்ப்பச்சு. உருப்படி அதில் வார்க்கப்பட்டது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு கிருதியின் வடிவம். 'வாதாபி கணபதிம்' என்னும் கிருதி ஓர் உருப்படி. இந்த வார்ப்பச்சு என்னும் பொருளுக்குத் தமிழிசையில் ஒரு பழஞ்சொல் இருப்பதைப் பலர் மறந்துவிட்டோம். தேவாரப் பதிகங்களை ஒவ்வொரு பண்ணுக்குள்ளும் யாப்பின் ஓசை அமைதியைக் கொண்டு மேலும் வகைப்படுத்தும்போது, அவ்வகைகளைக் 'கட்டளை' என்பது மரபு. செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்றே பெயர். சிறப்பான இத்தொழிற்சொல்லை இசை வடிவம் பற்றிய எழுத்துகளில் மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிகழ்த்துதலைக் குறிக்கும் சொற்களின் நிலை வேறு. நாம் மிகுதியும் பயன்படுத்தும் கச்சேரி, அலுவலகம் அல்லது நீதிமன்றம் என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. பழைய தமிழ் எழுத்துகளில் தாலுகா கச்சேரி, போலீஸ் கச்சேரி என்ற தொடர்களைக் காணலாம். இலங்கையில் மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்று அழைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இச்சொல் கூடுதலைக் குறிக்குமே தவிர, பாடும் செயலைக் குறிக்காது. தமிழ்நாட்டில் 'நிகழ்த்துதல்' என்றும், ஈழத்து அரங்கியலில் 'ஆற்றுகை' என்றும் எழுதுகிறார்கள். ஆற்றுதல் என்பது செய்தலையும், ஆற்றல் என்பது வல்லமையையும் சுட்டுவதால், பாடகரின் பங்கைச் சொல்ல ஆற்றுகையே வலுவான சொல் என்று கருதுகிறேன்.

உருப்படிக்கும் ஆற்றுகைக்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் சங்கதி. ஒன்றுசேர்தல், பொருந்துதல் என்ற பொருளுடைய வடசொல் இது. பேச்சுத் தமிழில் செய்தி என்ற பொருளைப் பெற்றது. இசையில், ஒரே வரியைச் சிறிது சிறிதாக மாற்றியும் வளர்த்தும் பாடும் அடுத்தடுத்த மெட்டுகளே சங்கதிகள். தியாகராஜர் (1767–1847) தம் கிருதிகளில் இவற்றைப் படிப்படியாக வளரும் வகையில் அமைத்துப் பெருவழக்காக்கினார். அவ்வாறு அமைந்தவை உருப்படியின் உறுப்புகள். ஆனால் பாடகர்களும் தம் பங்குக்குச் சங்கதிகளைச் சேர்த்திருக்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' இன்று பாடப்படும்போது கேட்கும் அடுக்கடுக்கான சங்கதிகள் மகா வைத்தியநாத ஐயரால் (1844–1893) சேர்க்கப்பட்டவை என்பது இசையுலகின் மரபுச் செய்தி. மேடையில் பிறந்தவை அடுத்த தலைமுறை மாணவருக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டு, உருப்படியின் உடலோடு ஒன்றிவிட்டன. இன்று அவற்றை விலக்கிப் பாடினால் கேட்பவர்கள் குறையாகவே உணர்வார்கள்.

இதனால்தான் இசையில் பாடாந்தரம் என்ற சொல் மதிப்புப் பெற்றது. பாட அந்தரம், அதாவது வேறொரு பாடம் என்பதே இதன் நேர்ப்பொருள். சுவடிகளைப் பதிப்பிப்பவருக்குப் பாடவேறுபாடு என்பது ஒப்பிட்டுத் தீர்க்க வேண்டிய சிக்கல். இசைக்கலைஞருக்கோ பாடாந்தரம் என்பது தாம் இன்னாரிடம் கற்றோம் என்பதற்கான சான்று. காக்க வேண்டிய செல்வம். தியாகராஜரின் மாணவர் மரபுகள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என ஊர்ப்பெயரால் அறியப்படுகின்றன. ஒரே கிருதி இம்மரபுகளில் வேறுபட்டு ஒலிப்பதும் உண்டு. இதற்குத் தமிழில் 'பாடவழி' என்று சொன்னால், வேறுபாட்டோடு வழிவழி வருதலும் சேர்ந்து விளங்கும்.

எழுதிவைத்தால் வேறுபாடு வராதே என்று கேட்கலாம். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூல், வெறும் சுர எழுத்துகள் போதாமையை உணர்ந்து, சுரங்களை அசைத்தும் வளைத்தும் ஒலிக்கும் கமகங்களுக்கெனத் தனித்தனிக் குறியீடுகளை வைத்து உருப்படிகளைப் பதிவு செய்தது. அத்துணை உழைப்புக்குப் பிறகும், அந்தக் கமகங்களை முன்பே காதால் கேட்டவருக்குத்தான் அக்குறியீடுகள் முழுமையாக வாய்திறந்து பேசும். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் ஏட்டின் அதிகாரம் இதைவிடப் பெரியது. கான்செர்ட்டோ என்னும் வடிவத்தில், வாத்தியக்குழு நின்றுவிட, தனிக்கலைஞர் தம் கற்பனையில் வாசிக்கும் இடம் ஒன்று முன்பு ஒதுக்கப்பட்டிருந்தது. பீத்தோவன் தம் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோவில், அவ்வாறு எதையும் சேர்க்காமல் எழுதியுள்ளதை அப்படியே தொடர வேண்டும் என்று ஏட்டிலேயே குறித்துவிட்டார். கம்போசிஷன் என்ற சொல் சேர்த்து வைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்திலிருந்து வந்தது. அந்த ஏட்டு மரபுக்கு அது பொருந்தும். நம் கிருதியை அச்சொல்லால் குறிக்கும்போது, சேர்த்து வைத்தவரோடு வேலை முடிந்துவிட்டது போன்ற எண்ணம் உடன் வந்துவிடுகிறது.

வடிவம் முழுவதும் சொல்லிலேயே தங்கி, மெட்டு மட்டும் பாடுபவர் வசம் விடப்பட்ட நிலையும் நம்மிடம் உண்டு. அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பாடல்களுக்கு அவர் காலத்து மெட்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் "முத்தைத்தரு பத்தித் திருநகை" என்று வாய்விட்டுப் படித்தாலே "தத்தத்தன தத்தத் தனதன" என்ற சந்தம் தானாக எழுந்து நிற்கிறது. எந்த இராகத்தில் அமைத்தாலும் இந்தச் சந்தத்தை உடைக்க முடியாது. உடைத்தால் அது திருப்புகழாக இராது. பிற்காலத்தில் இப்பாடல்களுக்கு மெட்டமைத்தவர்கள் அனைவரும் இக்கட்டளைக்கு உட்பட்டே செயல்பட்டிருக்கிறார்கள்.

உருப்படிக்குள்ளேயே ஆற்றுகைக்குத் திறந்துவிடப்படும் வாயில் நிரவல். நிகழ்ச்சிக் குறிப்புகளில் 'நெரவல்' என்று எழுதப்படும் இது, மேடுபள்ளங்களை நிரவுதல், செலவை நிரவிக்கொள்ளுதல் என்பவற்றில் உள்ள தூய தமிழ் வினையிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தால், நிரவல் என்று திருத்தமாக எழுதத் தோன்றும். முத்துசுவாமி தீட்சிதரின் காம்போதி இராகக் கிருதியான 'ஸ்ரீ ஸுப்ரமண்யாய நமஸ்தே'யில், "வாஸவாதி ஸகல தேவ" என்னும் வரியை நிரவலுக்கு எடுப்பது வழக்கம். அந்த வரியின் சொற்கள் தாளத்தில் எங்கெங்கே விழுகின்றனவோ, அந்த இடங்கள் பெரிதும் குலையக் கூடாது. ஆனால் அவற்றின்மேல் பரப்பப்படும் இராகம், பாடகரின் அந்த நேரத்துக் கற்பனை. சொல்லின் இடம் இயற்றியவருடையது, சுரத்தின் ஓட்டம் பாடுபவருடையது என்ற இந்தப் பங்கீட்டை நிரவுதல் என்ற வினை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது! கட்டியிருக்கும் சட்டத்தைப் பெயர்க்காமல் அதன் பரப்பெங்கும் இசையைப் பரவச் செய்வதல்லவா அது.

தமிழாக்கத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பவற்றை எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று தமிழிசை நூல்கள் வழங்குகின்றன. அழகான சொற்கள்தாம். எனினும், தாளத்தில் பாடல் தொடங்கும் இடத்துக்கும் எடுப்பு என்றே பெயர். சம எடுப்பு, அரையிடம், முக்காலிடம், ஒன்றரை இடம் என்று கலைஞர்கள் நாள்தோறும் சொல்கிறார்கள். முன்னது வடிவத்தின் உறுப்பு. பின்னது தாளக் கணக்கு. ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்போது மாணவர் குழம்புவார் என்பதால், தாளத்துக்கு எடுப்பை விட்டுவைத்து, பாடல் உறுப்பைப் பல்லவி என்றே எழுதுவது நல்லது என்பேன்.

உருப்படி என்ற சொல்லை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலில், பாடற்சொற்களும் தாளமும் இன்றி இராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையையும் ஓர் உருப்படியாக எண்ணுவதைக் கண்டிருக்கிறேன், அது பிழை. ஆலாபனைக்குச் சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் ஆளும் 'ஆளத்தி' என்ற தமிழ்ச்சொல் இருக்கிறது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் வாசித்த தோடி இராக ஆளத்திக்குத் தொடக்கமும் வளர்ச்சியும் நிறைவும் இருந்தன. ஆனால் அது ஒருவர் இயற்றி மற்றொருவருக்குப் பாடமாக வந்ததன்று. மாறாக, அதே நாகசுரத்தில், இறைவன் கருவறையிலிருந்து திருவீதிக்குப் புறப்படும்போது கம்பீர நாட்டை இராகத்தில் ஒலிக்கும் மல்லாரிக்குப் பாடற்சொற்கள் இல்லை. ஆயினும் அதன் தாளக் கட்டு முன்னரே வரையறுக்கப்பட்டது. ஆசிரியரிடம் பாடம் கேட்டு, உருவேற்றிய பின்னரே வாசிக்கப்படுவது. சொல்லின்றி நின்றாலும் மல்லாரி முழுமையான உருப்படிதான்.