பாடம் மூளையில் பதிவது நித்திரையில்தான்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகள் உயர்தரம், உயிரியல் பிரிவு. இரவு ஒரு மணி வரை படிக்கிறாள், விடிய நாலு மணிக்கு அலாரம் வைத்து எழும்புகிறாள். படித்த எதுவும் நினைவில் நிற்கவில்லை என்று அழுகிறாள். ஞாபகசக்திக்கு ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா?

வேண்டாம். மூன்று மணித்தியால நித்திரைதான் பிரச்சினை. ஏன் என்று விளங்க, ஓர் எலியின் மூளைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

நரம்புக் கலங்கள் மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன, கற்கும்போது அவற்றுக்கிடையிலான இணைப்புகள் பலப்படுகின்றன. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது. புதிய செய்தி முதலில் சேருவது ஹிப்போகம்பஸ் என்ற சிறிய பகுதியில். காதுகளுக்கு நேரே உட்புறமாக, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு அதன் பெரும்பகுதியை அகற்றினார்கள். சிறுவயது நினைவுகள் அவருக்கு இருந்தன. ஆனால் 2008இல் இறக்கும் வரை, புதிதாகச் சந்தித்த ஆட்களை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆக, ஹிப்போகம்பஸ் நினைவு நுழையும் வாசல். நிரந்தரமாகத் தங்குவது மூளையின் வெளிப்புறமான புறணியில். அப்படியானால் வாசலிலிருந்து உள்ளே போவது எப்போது?

1971இல் ஜோன் ஓ'கீஃப் என்ற மூளை ஆய்வாளர் லண்டனில் எலிகளின் ஹிப்போகம்பஸில் விசித்திரமான கலங்களைக் கண்டார். எலி ஓர் இடத்துக்கு வந்தால் ஒரு கலம் துடிக்கும், சற்றுத் தள்ளிப் போனால் வேறொன்று. மனிதரிலும் இவை உண்டு. நீங்கள் காலி வீதியில் நடந்தால் வெள்ளவத்தைச் சந்தையடியில் சில கலங்கள் துடிக்கும், சவோய் தியேட்டரடியில் வேறு சில, பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலடியில் இன்னும் சில. நடந்த பாதை, கலங்கள் துடித்த வரிசையாகவே மூளையில் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1994இல் மத்தியூ வில்சன், புரூஸ் மக்நோட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளால், எலி நித்திரை கொள்ளும்போதும் அந்தக் கலங்களைக் கவனித்தார்கள். ஓடும்போது சேர்ந்து துடித்த கலங்கள் நித்திரையிலும் சேர்ந்தே துடித்தன. 2002இல் வில்சனின் ஆய்வுகூடம் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. வரிசைகூட மாறவில்லை, வேகம் மட்டும் ஏறத்தாழ 20 மடங்கு. இரண்டு செக்கனில் ஓடிய பாதை செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் ஓடி முடிகிறது. எலி கண்ணை மூடிப் படுத்திருக்கிறது, மூளையோ பகலில் போன பாதையைத் திரும்பத் திரும்ப ஓடிப் பார்க்கிறது!

இந்த மறுஓட்டத்தின்போது ஹிப்போகம்பஸில் மின்துடிப்புகளின் ஒரு சிற்றலை எழும்பும். எலியில் செக்கனுக்கு 150 முதல் 250 அதிர்வுகள். அதே சமயம் புறணியில் செக்கனுக்கு ஒன்றுக்கும் குறைவான மெதுவான பேரலை ஓடும். இவற்றோடு, மூளையின் மையத்திலுள்ள தலமஸ் பகுதியிலிருந்து செக்கனுக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று ஒரு துடிப்புக் கோவை வரும். பேரலையின் உச்சியில் துடிப்பு, துடிப்பின் பள்ளத்தில் சிற்றலை: மூன்றும் இப்படிப் பொருந்தும்போது புறணி செய்தியை வாங்கிக்கொள்கிறது. வகுப்பில் அவசரமாகக் கிறுக்கியதை வீட்டில் ஆறுதலாக நல்ல கொப்பியில் எழுதுவது போல. 2009இல் பாரிஸ் ஆய்வாளர்கள், நித்திரையில் சிற்றலை எழும்பும் கணத்திலேயே ஒரு சிறு மின்தூண்டலால் அதைக் குலைத்தார்கள். அந்த எலிகள் பாதையைக் கற்பதில் பின்தங்கின. அதே தூண்டலைச் சிற்றலை இல்லாத நேரத்தில் பெற்ற எலிகள் ஒழுங்காகக் கற்றன.

அந்தப் பேரலை ஓடும் ஆழ்ந்த நித்திரை, படுத்த முதல் சில மணித்தியாலத்தில்தானே அதிகம், மூன்று மணித்தியாலம் போதாதா என்று கேட்கலாம். ஆழ்ந்த நித்திரையில் பெரும்பங்கு கிடைத்துவிடும், உண்மை. ஆனால் அந்தத் துடிப்புக் கோவைகள் விடியற்பக்கம்தான் செழிப்பாக வரும். தவிர, 2007இல் வந்த ஓர் ஆய்வில், ஓரிரவு விழித்திருந்த இளைஞர்களின் ஹிப்போகம்பஸ் மறுநாள் புதியவற்றைப் பதிவதிலேயே மந்தமாக இருந்தது. பழைய பாடமும் முழுதாக உள்ளே போகவில்லை, புதுப் பாடத்துக்கு வாசலும் சரியாகத் திறக்கவில்லை.

பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மனதில் பதியும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். எட்டு மணிக்கே படுத்த காலத்தில் அது நல்ல பழக்கம்தான். ஒரு மணிக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு உலுப்பி எழுப்புவது கொடுமை. விடியற்காலை ஆறு மணிக்கு டியூசன் வைப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்ரீயும் வேண்டாம், குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். பகலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் நல்லது, அதிலும் மறுஓட்டம் நடக்கும்.

இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். வகுப்புக்கும் மாத்திரைக்கும் பெற்றோர் கொட்டும் காசில் ஒரு துளி போதும், எங்கள் பிள்ளைகளின் நித்திரையை நாங்களே அளந்து பார்க்கலாம். அதைச் செய்யாதது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

வீட்டில் அம்மம்மாவுக்கும் மறதி வருகிறது என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். முதுமையில் பேரலை தணிகிறது, பொருத்தமும் பிசகுகிறது. கலிபோர்னியாவில் 2018இல் அளந்தபோது, முதியவர்களின் துடிப்பு உச்சியைத் தவறவிட்டது வெறும் 50 மில்லிசெக்கன் அளவில். நித்திரையில் அலைக்கு ஏற்ற கணத்தில் மெல்லிய ஒலி கொடுத்து அலையைத் தூக்கிவிட முடியும் என்று 2013இல் ஜெர்மனியில் இளைஞர்களிடம் காட்டினார்கள். முதியவர்களில் சில ஆய்வுகளில் பலன் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. ஆகவே இதைச் சொல்லி விற்கும் கருவி எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். மறதி கூடிக்கொண்டே போனால் ஒரு நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள்.